நாணலின் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாணல் வளர்த்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடுத்த வாரம் அதற்கு வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம், இயற்கையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார் கட்டுரையாளர். என் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நாறுகிறது, ஆகவே இது சுத்த ஏமாற்று வேலை என்கிறார் கடிதம் எழுதியவர். இரண்டு பேரும் தாங்கள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் பார்த்தது செடியை மட்டும். நான் 19 வருடம் அந்தச் செடிக்குக் கீழே ஓடிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தவள். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொறியாளர் இல்லை, ஆய்வகப் பணியாளர். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஒரு பாட்டில், வெளியேறும் இடத்தில் ஒரு பாட்டில் பிடிப்பேன். பிறகு ஆய்வகத்துக்கு வந்து பிஓடி (தண்ணீரில் உள்ள கரிம அழுக்கைச் செரிக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு), அம்மோனியா, பாஸ்பரஸ், திடத் துகள் என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். வேலை இவ்வளவுதான். நிலையம் ஒரு சிறிய ஊருடையது. முதலில் ஒரு வண்டல் தொட்டி, அதற்கப்புறம் நாணல் படுகை. படுகை என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பள்ளம் தோண்டி, தண்ணீர் கசியாத விரிப்பைப் போட்டு, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, மேலே நாணல் நட்டிருப்பார்கள். ஒரு முனையில் கழிவுநீர் நுழையும். ஜல்லிக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து மறுமுனையில் வெளிவரும். ஜல்லியின் மேல் தண்ணீர் தெரியவே கூடாது. இந்தக் கடைசி வரி முக்கியமானது. என் கதையே அதில்தான் தொடங்குகிறது.

முதல் வருடம் எல்லாமே அற்புதமாக இருந்தது. வெளிவந்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. பார்வையாளர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவது எங்கள் மேற்பார்வையாளருக்குப் பிடித்த வேடிக்கை. பாஸ்பரஸ் கூட நன்றாகக் குறைந்தது. நானும் பெருமைப்பட்டுத்தான் பதிவேட்டில் எழுதினேன்.

மூன்றாம் வருடம் ஒரு காலை, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் செருப்பு நனைந்தது. நுழைவுக் குழாயை ஒட்டி, ஜல்லி மேல் நின்றுதான் மாதிரி எடுப்பேன். மழை கிடையாது. பம்ப் பார்க்கும் தம்பி, "அக்கா, ராத்திரி தண்ணி கொஞ்சம் அதிகமா வந்திருக்கும்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் அந்த ஈரம் ஒரு குட்டையாகிவிட்டது. அதன் அடியில் தார் போலக் கறுப்பாக ஒரு கூழ். காலால் கிளறினால் முட்டை அழுகிய நாற்றம். உங்கள் வாசகர் எழுதியிருக்கிறாரே, அதே நாற்றம்தான். ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா விடும் மூச்சு.

நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? செடியைக் குறை சொன்னது. நாணல் சரியாகப் பிடிக்கவில்லை, வேர் ஆழமாகப் போகவில்லை என்று சொல்லி, முன்பகுதியில் இருந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். குட்டை அப்படியே இருந்தது. அடுத்த வருடம் வேறு ஒரு வகை, சம்பங்கோரை, கொண்டுவந்து நட்டார்கள். குட்டை இன்னும் நாலு மீட்டர் உள்ளே நகர்ந்தது. இரண்டு முறையும் நட்டு முடித்ததும் படம் எடுத்தார்கள்.

உண்மையில் கோளாறு இருந்தது நாணலுக்கு முந்தைய வண்டல் தொட்டியில். அதன் மூடியை யாரும் திறந்து பார்க்கவில்லை. நான் பார்க்கச் சொன்னதற்கும் அறிவு காரணம் இல்லை, எரிச்சல்தான் காரணம். உள்ளே வரும் மாதிரியில் திடத் துகள் மாதா மாதம் ஏறிக்கொண்டிருந்தது. வடிதாளில் வடிகட்டி எடுக்க முன்பு பத்து நிமிடம் ஆனது, இப்போது முக்கால் மணி நேரம் ஆனது. என் வேலை தாமதமாகிறது என்றுதான் முதலில் புகார் சொன்னேன். பிறகு ஒரு நாள் பம்ப் தம்பியும் நானும் ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றித் தொட்டிக்குள் மெதுவாக இறக்கினோம். கொஞ்ச நேரம் வைத்திருந்து தூக்கினால், துணியில் கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுதான் கசடின் கனம். மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்தாலே வண்டியைக் கூப்பிட வேண்டும் என்பது பழைய கணக்கு. எங்கள் துணி வெளியேற்றக் குழாயின் வாய்க்கு ஒரு சாண் கீழே வரை கறுப்பாக இருந்தது. திறப்பு விழாவுக்கு அப்புறம் அந்தத் தொட்டியில் இருந்து ஒரு முறை கூடக் கசடு எடுக்கவில்லை என்று பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. பராமரிப்பு வேண்டாத நிலையம் என்று சொல்லித்தானே கட்டினார்கள்? அதனால் கசடு எடுக்கும் செலவு பட்ஜெட்டிலேயே இல்லை.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஜல்லியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம் மொத்தப் பருமனில் 35 முதல் 40 சதவீதம். தண்ணீர் போக இருப்பது அந்த இடம் மட்டுமே. அதிலேயே வேர் வளர வேண்டும், கல் மேல் பாக்டீரியா வழவழப்பாகப் படிய வேண்டும். அந்த வழவழப்புதான் உண்மையில் சுத்தம் செய்யும் தொழிலாளி. வண்டல் தொட்டி ஒழுங்காக இருந்தால் திடத் துகளில் பாதிக்கு மேல் அங்கேயே தங்கிவிடும். இல்லாவிட்டால் அவ்வளவும் ஜல்லிக்குள் வரும். வந்தால் படுகை முழுக்கச் சமமாகப் பரவாது. முன்னால் இருக்கும் கால் பாகத்தில்தான் மாட்டிக்கொள்ளும். கூடவே அந்தப் பாகத்துக்கு உணவு அதிகம் கிடைப்பதால் பாக்டீரியாவும் அங்கேதான் கொழுக்கும். வாய் அடைபட்டதும் தண்ணீர் ஜல்லிக்கு மேலே ஏறி, மேலாக ஓடி, பின்பகுதியில் எங்கோ இறங்கும். பின்பாதி ஜல்லி புத்தம் புதிதாக இருக்கும். அதைத் தொடாமலே தண்ணீர் வெளியே வந்துவிடும்.

படுகையின் வடிவமும் இதில் சேர்ந்துகொள்ளும். எங்களுடையது வாய்க்கால் போல நீளம், அகலம் குறைவு. அந்தக் காலத்தில் நீளமாக இருந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைத்தார்கள். ஆனால் அதே பரப்பை அகலவாக்கில் போட்டால், கழிவு நுழையும் முகம் பெரிதாகி, ஒவ்வொரு சதுர மீட்டர் முகத்துக்கும் விழும் சுமை குறையும். ஒரே கூட்டத்தை ஒரு கதவு வழியாக உள்ளே விடுவதற்கும் நாலு கதவு வழியாக விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு உப்புச் சோதனை செய்தோம். உப்பைக் கரைத்து நுழைவில் ஒரேயடியாக ஊற்றிவிட்டு, வெளியேற்றத்தில் மின்கடத்துதிறன் மீட்டரை (உப்பு கூடினால் எண் ஏறும்) வைத்து மணிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே இருப்பது. வடிவமைப்புப்படி தண்ணீர் படுகைக்குள் 4 நாள் தங்க வேண்டும். நான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன், நாலு நாள் முறை போட்டுக் கண் விழிக்க வேண்டியிருக்கும் என்று. மறுநாள் மதியமே உப்பு வந்துவிட்டது. அதன் உச்சம் அன்று சாயந்தரமே தாண்டிப்போனது. மூன்று நாள் தூக்கம் மிச்சம், ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை.

அந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டியது. வெளியேற்றத்தில் இடப்பக்க ஓரத்தில்தான் உப்பு முதலில் வந்தது. போய்ப் பார்த்தால், நுழைவில் அகலவாக்கில் கிடக்கும் பகிர்வுக் குழாய் இடப்பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்துத் துளைகள் வழியாகவே தண்ணீர் எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கத் துளைகளில் தலைமுடியும் கொழுப்பும் கந்தல் துணியும் அடைத்துக் கல்லாகியிருந்தன. ரசமட்டம் வைத்துக் குழாயைத் தூக்கிக் கட்ட ஒரு காலை நேரம் போதுமாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து வருடம் ஆனது.

சரி, கசடை எடுத்தார்கள். முன்பகுதி ஜல்லியைத் தோண்டி வெளியே போட்டு, கழுவி, திரும்ப நிரப்பினார்கள். கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்பதற்கே ஒரு வாரம் கூட்டம் நடந்தது. அந்த வேலை முடியும் வரை சுத்திகரிக்காத தண்ணீர்தான் வெளியே போனது. காரணம், எங்களுக்கு ஒரே ஒரு படுகைதான். இரண்டாகப் பிரித்திருந்தால் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். ஓய்வு என்றால் சும்மா காயவிடுவதுதான். தண்ணீர் நின்றால் காற்று உள்ளே போகும், மாட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு தானாகச் செரித்துச் சுருங்கும். பிரான்சில் சிறு ஊர்களுக்கு இந்த முறையை விரிவாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே முதல் கட்டத்தில் மூன்று படுகை வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றரை நாள் தண்ணீர், ஏழு நாள் ஓய்வு. வண்டல் தொட்டியே இல்லாமல் கழிவை நேரடியாக மேலிருந்து ஊற்றுகிறார்கள். மேலே சேரும் கசடு வருடத்துக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரும். பத்து வருடம் தாண்டி ஒரு முறை வழித்து எடுக்கிறார்கள். அதாவது கசடு எங்கே சேர வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டுத்தான் கட்டுகிறார்கள். காற்றில் நாணல் தண்டு ஆடும்போது அந்தக் கசடுப் படலத்தில் தண்டைச் சுற்றித் துளை விழுந்து தண்ணீர் இறங்க வழி கிடைக்குமாம். நாணல் செய்யும் நல்ல வேலைகளில் இது ஒன்று. அந்த வகைப் படுகையில் அதைப் பிடுங்கினால்தான் அடைப்பு வரும்.

நாற்றம் போனது, குட்டை போனது. பிஓடி இறங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது அம்மோனியா என்னைத் திட்டு வாங்க வைத்தது.

உள்ளே வரும் தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம், வெளியே போகும் தண்ணீரில் 34. "பாட்டிலை மாற்றிவைத்துவிட்டீர்கள்" என்றார் மேற்பார்வையாளர். திரும்ப எடுத்தேன். மறுபடியும் வெளியேதான் அதிகம். மூன்றாம் முறை அவரே கூட வந்து நின்று பாட்டில் மேல் தன் கையெழுத்தைப் போட்டார். அப்போதும் அதேதான். சுத்தம் செய்யும் நிலையத்தில் அழுக்கு கூடுமா? கூடும். கழிவில் வரும் நைட்ரஜன் எல்லாமே அம்மோனியாவாக வருவதில்லை. ஒரு பகுதி புரதத்திலும் மலத்திலும் கட்டுண்டு வரும். படுகைக்குள் பாக்டீரியா அதை உடைக்கும்போது அம்மோனியா பிறக்கும். அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் பிறந்தது பிறந்தபடியே வெளியே வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரையில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. நாணல் தன் வேர் வழியாக ஆக்சிஜனைத் தண்ணீருக்குள் செலுத்தி அழுக்கை எரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாணல் தண்டு குழல் போன்றது, காற்று வேருக்குப் போவது உண்மை. ஆனால் வேரும் மூச்சு விட வேண்டுமே! டென்மார்க்கில் 1990 வாக்கில் அளந்து பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு ஏறக்குறைய 2 கிராம் ஆக்சிஜன் செடி வழியாகக் கீழே போனது. அதில் கிட்டத்தட்ட முழுவதையும் வேரும் நிலத்தடித் தண்டுமே சுவாசித்துவிட்டன. வெளியே கசிந்தது 0.02 கிராம். இப்போது ஒரு ஆளின் கணக்கைப் போடுங்கள். ஒருவரிடமிருந்து நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் நைட்ரஜன் வரும். ஒரு கிராமை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. ஆக 45 கிராமுக்கு மேல். ஒருவருக்கு 5 சதுர மீட்டர் படுகை ஒதுக்கினால் வேர் கொடுப்பது 0.1 கிராம். மற்ற நிலையங்களில் வேறு முறைகளில் இதைவிடப் பல மடங்கு அதிகமாக அளந்தவர்களும் உண்டு. அவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும் பிஓடிக்கு வேண்டிய ஆக்சிஜனையே முதலில் கொடுத்தாக வேண்டும், நைட்ரஜனுக்கு மிச்சம் ஏது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட நகராட்சிக் கழிவுநீருக்கான கையேட்டிலேயே இந்த வேர்-ஆக்சிஜன் நம்பிக்கையைக் கட்டுக்கதைகளின் பக்கம் தள்ளிவிட்டார்கள். இன்னும் அதைச் சுவரொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி கோரையையும் நாணலையும் வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியுமா என்று சோதிக்கத் தொடங்கினார். சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. பிறகு ரெய்ன்ஹோல்ட் கிக்குத் என்பவர் ஜல்லிக்குப் பதில் களிமண் கலந்த மண்ணையே போடலாம், சில வருடத்தில் நாணல் வேர் மண்ணைத் துளைத்துத் தண்ணீர் போக வழி செய்துவிடும் என்றார். 1974-இல் ஓத்ஃப்ரெசன் என்ற ஊரில் அந்த முறையில் நிலையம் ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்து வேறு நாடுகளிலும் கட்டினார்கள். சொன்னபடி மண் திறக்கவில்லை. தண்ணீர் மண்ணுக்கு மேலேயே ஓடியது. அதற்கப்புறம்தான் 1980-களில் ஜல்லிக்கு மாறினார்கள். ஆக, செடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஏமாந்தது நாம் மட்டும் இல்லை. ஆனால் அவர்கள் ஏமாந்ததை அளந்து, எழுதி, மாற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் அம்மோனியாவுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்தாலும் 8, 9 கிராம்தான் இருக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 275 கிராம் இருக்கிறது. எனவே ஜல்லியைத் தண்ணீரில் மூழ்கடித்தே வைக்காமல், மேலிருந்து விட்டு விட்டு ஊற்றி, ஒவ்வொரு முறையும் முழுக்க வடியவிட்டால், இறங்கும் தண்ணீர் பின்னாலேயே காற்றை உறிஞ்சிக்கொண்டு போகும். இதுதான் செங்குத்துப் படுகை. அம்மோனியாவை அது நன்றாகவே மாற்றும். அதற்கும் தன் வியாதி உண்டு. விட்டு விட்டு ஊற்றும் சைஃபனில் (தொட்டி நிரம்பியதும் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டும் வளைகுழாய்) துணியோ கொழுப்போ மாட்டி, அது சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கினால் படுகை எப்போதும் ஈரமாகவே இருக்கும், காற்று உள்ளே போகாது. பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. அம்மோனியா பரிசோதனையில்தான் மாட்டும். இன்னொரு வழி, ஜல்லிக்கு அடியில் துளையிட்ட குழாய் போட்டு ஊதுகுழல் வைத்துக் காற்றடிப்பது. அதுவும் நன்றாக வேலை செய்யும். மின்சாரம் வேண்டாம் என்ற பேச்சு மட்டும் அங்கே அடிபட்டுப்போகும்.

எங்கள் படுகை கிடைமட்ட வகை, அதாவது தண்ணீர் ஜல்லியை மூழ்கடித்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் வகை. எவ்வளவு கழுவினாலும், எந்தச் செடியை நட்டாலும் அது அம்மோனியாவைப் பெரிதாகக் குறைக்காது. அதற்காக அது மோசமானது என்று இல்லை. பிஓடியையும் திடத் துகளையும் அது வருடக்கணக்கில் நன்றாகவே பிடித்தது. நைட்ரேட்டைக் கொடுத்தால் அதை நைட்ரஜன் வாயுவாக்கி விரட்டவும் செய்யும். எங்களிடம் நைட்ரேட்டே உருவாகவில்லை என்பதுதான் சிக்கல். செங்குத்துப் படுகை முன்னால், கிடைமட்டப் படுகை பின்னால் என்று வைத்திருந்தால் கதை வேறு. எங்களுக்கு அனுமதி கொடுத்த தாளில் அம்மோனியாவுக்கு வரம்பு எழுதியிருந்தது. கட்டியதோ அம்மோனியாவைக் குறைக்காத வகை. இதில் நாணலின் குற்றம் எங்கே இருக்கிறது?

பாஸ்பரஸ் கதை சுருக்கமானது. முதல் வருடம் குறைந்தது என்றேன் அல்லவா? ஜல்லியின் மேற்பரப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடம் தீர்ந்ததும் பிடிக்காது. சாதாரண ஜல்லியில் அந்த இடம் சில வருடத்தில் தீர்ந்துவிடும். எங்களுக்கு நாலாம் வருடம் தீர்ந்தது. நாணலை அறுத்து எடுத்தால் பாஸ்பரஸும் கூடப் போய்விடும் என்பார்கள். போகும், ஆனால் நகராட்சிக் கழிவில் வரும் அளவில் அது சின்னப் பங்கு. அறுக்கிற கூலிக்கே கட்டாது.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பதிவேட்டை எழுதியவளே நான்தான். ஆண்டறிக்கையில் எங்கள் நிலையம் மழைக்காலத்தில் எப்போதும் நல்ல பெயர் வாங்கும், கோடையில் கெட்ட பெயர் வாங்கும். மழையில் மேலே விழும் தண்ணீர் கலந்து நீர்த்துவிடும். கோடையில் இலை வழியாகவும் காற்றிலும் தண்ணீர் ஆவியாகி, மிச்சம் இருப்பது செறிவாகிவிடும். வெளியேற்றத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் தெரியும், மொத்தம் எத்தனை கிலோ வெளியே போனது என்று தெரியாது. அதனால் படுகை நன்றாக உழைத்த மாதத்தில் திட்டு வாங்கியது, மழை காப்பாற்றிய மாதத்தில் பாராட்டு வாங்கியது. ஒரு ஓடையின் குறுக்கே வைக்கும் வி வடிவ வெட்டுப் பலகையும் ஒரு அளவுகோலும் போதும் இதைச் சரிசெய்ய. கேட்டேன். கோப்பு போனது, திரும்ப வரவில்லை.

இன்னொரு விஷயம். எவ்வளவு நன்றாக ஓடினாலும் பிஓடி பூஜ்யத்துக்குப் போகாது. இலை உதிரும், மக்கும், பாக்டீரியா சாகும், அதுவே கொஞ்சம் பிஓடியை உண்டாக்கும். லிட்டருக்கு சில மில்லிகிராம் எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் செயல்திறன் குறைகிறது என்று கூச்சல் போட்ட ஆய்வாளரையும் பார்த்திருக்கிறேன். குளம் போலத் தண்ணீர் வெளியே தெரியும் வகையில் இது இன்னும் அதிகம். அங்கே கொசு, மேலே விரிப்பாக மூடிக்கொள்ளும் சின்ன இலை மிதவைச் செடி, அதனால் அடியில் மூச்சுத் திணறல், வந்து தங்கும் பறவைகளால் கூடும் கோலிஃபார்ம் (மலத்தில் வரும் பாக்டீரியா) என்று தொல்லைகள் தனி. நான் வேலை பார்க்காத வகை என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

உங்கள் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த முறை நல்ல முறை. சரியாகக் கட்டி, சரியாகப் பார்த்துக்கொண்டால் சின்ன ஊருக்கு இதைவிட எளிதாக ஒன்று கிடையாது. ஆனால் "ஆள் வேண்டாம்" என்ற இரண்டு சொல்தான் எங்கள் படுகையை அடைத்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நிர்வாகங்கள் கசடு வண்டிக்குப் பணம் ஒதுக்காமல் விடுகின்றன. எங்கள் நிலையத்துக்குத் தேவைப்பட்டது மாதம் ஒரு முறை தொட்டியில் கம்பு விட்டுப் பார்க்கவும், வாரம் ஒரு முறை பகிர்வுக் குழாயைத் திறந்து அலசவும், படுகையின் நீர்மட்டத்தை மாற்ற வெளியேற்ற முழங்கைக் குழாயை ஏற்றி இறக்கவும் தெரிந்த ஒரு ஆள். முழு நேர வேலை கூட இல்லை. அந்த ஆள் பல வருடம் இல்லை. நானும் பம்ப் தம்பியும் எங்கள் வேலைக்கு நடுவே செய்தோம்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு நிலையத்தின் திறப்பு விழாவுக்கு உங்கள் நிருபர் போனால், வெளியே வரும் தண்ணீரை டம்ளரில் பிடித்துக் காட்டும்போது கைதட்டட்டும், தப்பில்லை. பிறகு வண்டல் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லட்டும். கசடு எடுக்க எந்தக் கணக்கில் பணம் வைத்திருக்கிறீர்கள், படுகை ஒன்றா இரண்டா, ஒன்று அடைத்தால் தண்ணீர் எங்கே போகும், அம்மோனியாவுக்கு வரம்பு இருந்தால் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்கட்டும். மூன்று வருடம் கழித்து, நாள் சொல்லாமல், திரும்பப் போகட்டும். நுழைவுக் குழாய்க்குப் பக்கத்தில் ஜல்லி மேல் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். செருப்பு நனைகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஓய்வூதியம் அதே அலுவலகத்தில் இருந்துதான் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்